பூனைக்குப் பாடம் சொல்ல முடியுமா?

(விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியது)

"பூனைக்குப் பாடமா? காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுக்கிறாகளாக்கும்!" என்று எங்கள் அப்பாயி கேட்டபோது வீடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனாலும் உள்ளூர எனக்குக் கவலைதான். திண்ணை ஓரத்தில் ஒரு வெற்றுச் சாக்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது எதற்கென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை அதற்குள் போய் வந்திருந்ததால் பூனைக்கும் தெரியும்.

கிராமத்தில் பிறந்து வளர்ந்த நண்பர்களுக்கு அந்தச் சாக்கின் பொருளை நான் விளக்க வேண்டுவதில்லை. பூனை பாலைக் குடித்துவிட்டது, கருவாட்டைத் தூக்கிவிட்டது, கூடத்தை நாறடித்துவிட்டது என்றால் அதைச் சாக்கில் பிடித்துப் போட்டுக் கட்டி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். கொல்லவில்லை அல்லவா, எங்கேயாவது பிழைத்துக் கொள்ளும் என்று மனத்தைத் தேற்றிக் கொள்வதும் உண்டு. சோறு வைத்து வளர்த்த பூனை, நாய்கள் திரியும் புது இடத்தில் எப்படிப் பிழைக்கும் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். இதை நான் அப்பாவிடம் சொன்னேன். "சட்டம் வந்து என் விதைக்கடலையைக் காப்பாத்துமா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை. கடலை போடும் வீட்டில் எலிக்குப் பஞ்சமிருக்காது. எலி இருக்கும் வீட்டில் பூனைக்கும் இடம் இருக்கும். எங்கள் பூனை சாம்பல் நிறம். போதாக்குறைக்கு விறகடுப்பின் சாம்பலிலேயே படுத்துப் புரளும். எனவே 'சாம்பி' என்ற பெயர் தானாகவே அமைந்துவிட்டது. (அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று பொருள் கொள்வது நம் வழக்கம். பூனை அங்கே போவதற்குக் காரணம் வேறு. உடல் வெப்பத்தைக் காக்கத் தனியே உழைக்காமல் பூனை சுகமாக இருக்கக்கூடிய வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை. நமக்கு வியர்க்கும் சூடு அதற்கு இதம்.) இரண்டு ஆண்டுகள் குறை சொல்ல இடமில்லாமல் இருந்த சாம்பி, சென்ற ஆண்டு சித்திரையில் திடீரென்று கெட்டுப் போயிற்று. ஆடிப் பட்டத்துக்கென்று அப்பா எடுத்து வைத்திருந்த விதைக்கடலை மூட்டையின் மேல் ஏறிச் சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. நனைந்த கடலை முளைக்காது. இரண்டாவது மூட்டையும் நனைந்த அன்று அப்பா அதைச் சாக்கில் போட்டு டி.வி.எஸ். வண்டியில் வைத்துக் கண்மாய்க்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

நான்காம் நாள் விடியற்காலை சாம்பி கொல்லைப்புறக் கதவருகே உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு டி.வி.எஸ். வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பரணுக்கு ஓடும். அப்பா கை நீட்டினால் சீறும். அன்றிரவே மறுபடியும் மூட்டை நனைந்தது. தண்டனை முழுமையாக நிறைவேறிவிட்டது; குற்றமோ அப்படியே இருந்தது. அடுத்த முறை சாக்கு இன்னும் தூரம் போகும் என்பது உறுதியாயிற்று. "ஒரு மாசம் பொறுங்கப்பா" என்று நான் கேட்டபோதுதான் அப்பாயி மேலே சொன்னபடி கேட்டார்கள்.

தெனாலிராமன் செய்த சோதனை

பூனைக்குப் பாடம் சொன்னவர்களில் நம்மவர்க்கு நன்கு தெரிந்தவர் தெனாலிராமன். கிருஷ்ணதேவராயர் எலித்தொல்லை தீர வீட்டுக்கு ஒரு பூனையும், அதற்குப் பால் தர ஒரு பசுவும் கொடுத்தாராம். ராமன் பாலைக் கொதிக்கக் கொதிக்கப் பூனையின் முன் வைத்தான். ஆவலுடன் வாயை வைத்த பூனை நாக்கு வெந்து ஓடியது. பிறகு பால் கிண்ணத்தைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. பசுவின் பால் முழுவதும் ராமனுக்கே ஆயிற்று. சிறு வயதில் இதை நகைச்சுவையாகக் கேட்டோம். இப்போது கற்றல் பாடத்தோடு சேர்த்துப் பார்த்தால், பூனைக்குத் தண்டனை எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று தோன்றுகிறது.

அந்தப் பூனை ஒரே முறையில் கற்றுக்கொண்டது, ஆயுளுக்கும் மறக்கவில்லை. ஆனால் கற்றது என்ன? 'சூடாக இருந்தால் ஆறும்வரை பொறு' என்பதை அல்ல. 'கிண்ணத்தில் வெள்ளையாக இருப்பது எதுவும் ஆபத்து' என்பதைத்தான். அந்த நொடியில் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எது பட்டதோ அதனோடுதான் வலியையும் அச்சத்தையும் பூனை முடிச்சுப் போடுகிறது. எங்கள் வீட்டில் வண்டிச் சத்தத்தோடும் அப்பாவின் கையோடும் அந்த முடிச்சு விழுந்தது. மூட்டையை நனைத்தது இரவில். சாக்கில் அடைபட்டது மறுநாள் காலையில். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பூனைக்கு யார் சொல்வது? நனைத்த இடத்தில் பூனையின் மூக்கைத் தேய்க்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதனால் பூனை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது சிறுநீர் கழிக்கக் கூடாது. ஆகவே அடுத்த முறை கட்டிலுக்கு அடியில், நமக்குத் தெரியாத மூலையில் கழிக்கும்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு உளவியல் மாணவர்கள் அனைவருக்கும் தெரிந்தது. பசித்த பூனையை மரச்சட்டப் பெட்டியில் அடைத்து, வெளியே மீன் துண்டை வைத்தார். உள்ளே ஒரு கயிற்று வளையத்தை இழுத்தாலோ ஒரு நெம்புகோலை மிதித்தாலோ கதவு திறக்கும். பூனை கடித்தது, பிறாண்டியது, சட்டங்களுக்கு இடையே காலை விட்டது. தற்செயலாக வளையத்தில் கால் பட்டது, கதவு திறந்தது, மீன் கிடைத்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வெளியே வர ஆகும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 'ஆகா, புரிந்துவிட்டது' என்று ஒரேயடியாகக் குறையவில்லை. ஏறி இறங்கித்தான் குறைந்தது. முயன்று தவறிக் கற்றல் என்று நாம் தேர்வில் எழுதுவது இதைத்தான். நல்ல விளைவைத் தந்த செயல் நிலைக்கிறது என்பது அவருடைய விளைவு விதி. தொல்லை தந்த செயல் அதே அளவுக்கு அழிந்துவிடும் என்றுதான் அவர் முதலில் எண்ணினார். 1930களில் அதைத் தாமே திருத்திக் கொண்டார். பரிசு ஒரு பழக்கத்தை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை அதை வலுவிழக்கச் செய்வதில்லை என்பது அவர் பின்னாளில் கண்ட முடிவு. விதியை மட்டும் மனப்பாடம் செய்யும் நாம் இந்தத் திருத்தத்தைப் பெரும்பாலும் படிப்பதில்லை.

இதோடு சேர்ந்த வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குத்ரி, ஹார்ட்டன் என்ற இருவர் இதேபோன்ற பெட்டியில் ஒரு கம்பை நிறுத்திப் பூனைகளைச் சோதித்து 1946இல் நூலாக வெளியிட்டார்கள். பூனைகள் ஒரே மாதிரியாகக் கம்பின்மேல் உடலை உரசிக் கதவைத் திறந்தனவாம். அதைக் கற்றலுக்குச் சிறந்த சான்று என்றார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1979இல், மூர், ஸ்டட்டர்ட் என்பவர்கள் அதே ஏற்பாட்டைக் கதவு திறக்காதபடி, மீனும் வைக்காமல் செய்து பார்த்தார்கள். அப்போதும் பூனைகள் உரசின. ஆள் கண்ணில் படாதபோது உரசவில்லை! எதிரே உட்கார்ந்திருந்த ஆய்வாளர்களுக்குப் பூனைகள் தம் வழக்கப்படி வணக்கம் சொல்லியிருக்கின்றன. பூனையின் இயல்பு எது, கற்றது எது என்று பிரித்தறியாமல் எடுக்கும் பாடம் இப்படித்தான் முடியும்.

மணல் மேடு போன கதை

எனவே நான் பாடத்தை நிறுத்திவிட்டுப் பூனையைப் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக இருந்த பூனை சித்திரையில் ஏன் கெட வேண்டும்? எங்கள் வீட்டில் அதற்கு முன் மாசியில் என்ன நடந்தது? குளியலறை கட்டினோம். அதற்கு முன் ஓராண்டுக்கு மேலாகக் கொல்லையில் ஒரு மணல் மேடு கிடந்தது. சாம்பிக்கு அதுதான் கழிப்பிடம். மணல் முழுவதும் கட்டடத்துக்குப் போயிற்று. மீதிக் கொல்லைக்கும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். நமக்குக் கழிப்பறை கட்டிய கையோடு பூனையின் கழிப்பறையை இடித்துவிட்டோம்!

பூனையின் முன்னோர் மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனைகள். தானியம் சேர்த்த இடத்தில் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதரின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்த, சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய குழியைப் பற்றிப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் எழுதினார்கள். நாயைப் போல ஏவல் கேட்பதற்கென்று பூனையைத் தலைமுறை தலைமுறையாக யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை. தோண்டினால் சரியும் மண்ணில் கழித்து மூடுவது அதற்குப் பிறவிக் குணம். தாய்கூட அதிகம் கற்றுத்தர வேண்டியதில்லை. மண் கிடைக்காதபோது மென்மையாகவும் ஈரத்தை உறிஞ்சுவதாகவும் உள்ள பொருளைத் தேடும். கோணிச் சாக்கு அப்படிப்பட்ட பொருள். ஒருமுறை நனைந்தால் அதன் வாடை நம் மூக்குக்குப் போய்விட்டாலும் பூனையின் மூக்குக்குப் போகாது; 'இதுதான் இடம்' என்று அழைத்துக்கொண்டே இருக்கும்.

அந்த வாடையைப் போக்க எங்கள் அம்மா பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். இங்கே நண்பர்கள் சற்று நின்று படிக்க வேண்டும். பினாயில் போன்ற பொருள்களில் உள்ள பீனால் வகைகள் பூனைக்கு நஞ்சு. அவற்றைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் ஒரு நொதி, நம் கல்லீரலில் வேலை செய்வதுபோல் பூனையின் கல்லீரலில் வேலை செய்வதில்லை. பூனை ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். இதே காரணத்தால்தான் காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றுகூடப் பூனையின் உயிரைப் போக்கிவிடும். 'பாவம், உடம்பு சுடுகிறதே' என்று கால் மாத்திரை கொடுக்கும் இரக்கமும் வேண்டாம். சிறுநீர் பட்ட இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்து வெயிலில் காய விடுவதே போதும். நனைந்த கோணியை வீட்டைவிட்டே அகற்றிவிடுவது இன்னும் நல்லது.

நான் செய்தது இவ்வளவுதான். ஓட்டையான பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மணல் நிரப்பினேன். கடலை மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தினேன். சாமான் வைக்கும் சிறிய அறையில் ஒரு மூலையில் தொட்டி, எதிர் மூலையில் சோறும் தண்ணீரும், நடுவில் படுக்கத் துணி என்று வைத்து, சாம்பியை ஐந்து நாள் அங்கேயே இருக்கச் செய்தேன். சோற்றுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தால் பூனை சீண்டாது, நாமும் அப்படித்தானே! முதல் நாள் கத்திக்கொண்டே இருந்தது. அப்பாயிக்குத் தூக்கம் இல்லை. "பாடம் எந்த மட்டுல இருக்கு?" என்று வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் மணல் தோண்டி மூடப்பட்டிருந்தது. தேர்வு முடிவைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி வந்ததில்லை. ஆறாம் நாள் கதவைத் திறந்துவிட்டுத் தொட்டியை மெல்ல மெல்ல, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அடியாக, கொல்லைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினேன். தினமும் கழிவை அள்ள வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மணலை மாற்ற வேண்டும். அள்ளாவிட்டால் பூனை வேறு இடம் பார்க்கும். இரண்டு பூனைகள் உள்ள வீட்டில் மூன்று தொட்டி வைப்பது நல்லது.

எல்லாச் சிறுநீர்க் குற்றமும் இப்படிப்பட்டதன்று. கடுவன் பூனை நின்றபடி வாலைத் தூக்கி, வால்நுனி நடுங்க, சுவரிலோ தூணிலோ பீய்ச்சினால் அது கழிப்பதல்ல. 'இது என் எல்லை' என்று எழுதி வைப்பது. அதற்கு மணல் தொட்டி மருந்தாகாது. கால்நடை மருத்துவரிடம் விதைநீக்கம் செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்களிடம் அந்தப் பழக்கம் குறைந்துவிடும். ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சொட்டுச் சொட்டாகவே வருகிறது அல்லது வரவே இல்லை என்றால், குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அதையும் சேட்டை என்று அடித்தவர்கள் உண்டு.

பிறாண்டலும் திருட்டும்

அடுத்த வழக்கு அப்பாவின் சாய்வு நாற்காலி. அதன் துணியைச் சாம்பி நார்நாராகக் கிழித்திருந்தது. பூனை பிறாண்டுவது கோபத்தால் அன்று. நகத்தின் பழைய மேலுறை கழன்று விழ வேண்டும். தூங்கி எழுந்ததும் முதுகை நீட்டி முறுக்கு எடுக்க வேண்டும். பாதங்களில் உள்ள சுரப்பிகளின் மணத்தை அங்கே பதிக்க வேண்டும். இத்தனை வேலையும் ஒரே செயலில் முடிகிறது. அதை நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம். பூனை முழு நீளத்துக்கு எழுந்து நின்று இழுத்தாலும் ஆடாத பொருளாக இருக்க வேண்டும், அது தூங்கும் இடத்துக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். தாழ்வாரத்து மரத்தூணில் இரண்டரை அடி உயரத்துக்குத் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன். நாற்காலியின்மேல் சில நாள் வழவழப்பான பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினேன். கயிற்றில் நகம் வைத்த அந்த நொடியே ஒரு நெத்திலித் துண்டு. அந்த நொடியே என்பதுதான் முக்கியம். அடுக்களைக்குப் போய் எடுத்து வருவதற்குள் பூனை வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும். நாம் அதற்குத்தான் பரிசு கொடுத்தவர்களாவோம்.

அந்தத் துண்டுக்காகப் பூனைவணங்கியையும் சோதித்துப் பார்த்தேன். குப்பைமேனிச் செடிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு என்பது நம் சித்த மருத்துவ நூல்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். அதன் வேரைத் தோண்டிப் போட்டால் பூனைகள் முகர்ந்து, தேய்த்து, புரண்டு மயங்கும். மேலை நாடுகளில் பூனைகளை மயக்கும் புதினா இனத்துச் செடி ஒன்றில் உள்ள பொருளுக்கு உறவான வேதிப்பொருள்கள் குப்பைமேனி வேரில் இருப்பதை 2016இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். பெயர் வைத்த நம் முன்னோர் வேதியியல் படித்தவர்கள் அல்லர், பூனையைப் பார்த்தவர்கள். கொல்லை வேலியோரத்தில் பிடுங்கிய வேரைத் தூணின் கயிற்றில் தேய்த்தேன். சாம்பி அரை நாழிகை அந்தத் தூணை விடவில்லை. அதன் பிறகு நாற்காலியின் பக்கம் அதிகம் போவதில்லை.

திருட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. பூனை திருடுகிறது என்பது நம் சட்டப்படி. அதன் சட்டப்படி, கிடைப்பதைத் தின்கிறது. மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசுச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையைக் காணாதவர் இரார். அதன் காலடியில் எலிகள் நம்பிக் கூடியிருக்கும். கம்பரும் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையைத்தான் தமக்கு உவமை கூறிக்கொண்டார். இவ்வளவு நாள் பழகியும் திறந்த பால் சட்டியைப் பூனைக்கு முன் வைத்துவிட்டு அதற்கு ஒழுக்கம் கற்பிக்கப் புறப்படுவது நம் தவறே. நம் பாட்டிமார் அடுக்களையில் உறி கட்டினார்கள். அந்தச் சிக்கலற்ற ஏற்பாட்டைவிட மேலான பயிற்சி முறை எதையும் நான் எந்த நூலிலும் காணவில்லை. எங்கள் வீட்டில் இப்போது உறி இல்லை. குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. அதன் கதவைச் சரியாக மூடாதவர்கள் யார் என்று இங்கே எழுத விரும்பவில்லை.

பசியின் பங்கும் இதில் உண்டு. தயிர்ச்சோறு மட்டுமே வைத்து வளர்க்கும் வீட்டுப் பூனை திருடாமல் என்ன செய்யும்? பூனை இறைச்சியுண்ணி. டாரின் என்ற பொருள் உணவில் இல்லாவிட்டால் அதன் விழித்திரை கெடும் என்பது 1975இலும், இதயத்தசை நலிந்துபோகும் என்பது 1987இலும் நிறுவப்பட்டன. டாரின் மீனிலும் இறைச்சியிலும் உண்டு, சோற்றில் இல்லை. இனிப்பை உணரும் மரபணு பூனையிடம் பழுதுபட்டிருக்கிறது என்று 2005இல் கண்டார்கள். ஆகையால் பாயசத்தில் அது வாய் வைத்தால் சர்க்கரைக்காக அன்று, பாலுக்காகவும் நெய்க்காகவும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கில் முடியும். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடற்கரையிலிருந்து வரும் நெத்திலி, மத்தி போன்ற மலிவான மீனை உப்புப் போடாமல் வேகவைத்து, முள் நீக்கிச் சோற்றில் பிசைந்து வைக்கலாம். வெங்காயம் போட்ட குழம்பு மட்டும் ஆகாது; வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

யாருக்கு யார் ஆசிரியர்?

சாம்பி விடியற்காலை நான்கு மணிக்குக் கத்தும். அம்மா எழுந்து பால் ஊற்றுவார்கள். கத்தல் நிற்கும். தார்ண்டைக்கின் விதியை இங்கே பொருத்திப் பாருங்கள்: பெட்டியில் இருந்தது அம்மா, வளையத்தை இழுக்கக் கற்றுக்கொடுத்தது பூனை! இதை மாற்றத்தான் நான் மிகவும் பாடுபட்டேன். பூனையைவிட அம்மாவைப் பழக்குவது கடினமாக இருந்தது. அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாக இருப்பது பூனையின் இயல்பு. இரவு படுக்கும் முன் ஒரு குச்சியில் கோழி இறகைக் கட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு வயிறாரச் சோறு வைத்தால் வேட்டையாடி உண்ட நிறைவோடு தூங்கும். (கயிற்றை எடுத்து வைத்துவிட வேண்டும், விழுங்கினால் குடலைச் சுருட்டிவிடும். கையையும் காலையும் ஆட்டி விளையாட்டுக் காட்டினால் அவற்றையே கடிக்கப் பழகும்.) கத்தும்போது யாரும் எழக் கூடாது. முதல் மூன்று நாள் இன்னும் பலமாகக் கத்தும். அப்போது இரங்கி எழுந்தால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். அம்மா இரண்டு முறை எழுந்துவிட்டார்கள். எனவே எங்களுக்கு மூன்று நாளில் முடிய வேண்டியது மூன்று வாரம் ஆயிற்று.

கூப்பிட்டால் வரவும் பழக்கலாம். ஜப்பானிய ஆய்வாளர் அட்சுகோ சைட்டோவும் உடன் ஆய்ந்தோரும் 2013இல், பூனைகள் வளர்ப்பவர் குரலை அயலார் குரலிலிருந்து பிரித்தறிகின்றன என்று காட்டினார்கள். 2019இல் தம் பெயரையும் அறிகின்றன என்று காட்டினார்கள். அறிந்தும் பெரும்பாலும் எழுந்து வருவதில்லை என்பது வேறு! வகுப்பில் வருகைப்பதிவின்போது நம்மில் சிலர் இருப்பதுபோல என்று கொள்க. சோறு வைக்கும் ஒவ்வொரு முறையும், தட்டை வைப்பதற்குச் சற்று முன் ஒரே குரலில் பெயரைச் சொல்லி வந்தால் இரண்டு வாரத்தில் ஓடிவரும். மருந்து கொடுப்பதற்கோ குளிப்பாட்டுவதற்கோ அந்தக் குரலைப் பயன்படுத்தினால் எல்லாம் கெட்டது.

பிடிப்பது பற்றியும் ஒரு சொல். தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்குவதைக் கொண்டு மார்ச்சார நியாயம் என்று தென்கலை வைணவர் சரணாகதிக்கு விளக்கம் தருவர். குட்டி தன்னை முழுவதும் தாயிடம் ஒப்படைத்துவிட்டுத் துவண்டு கிடக்கும். வளர்ந்த பூனையை நாம் பிடரியில் தூக்கினால் அது சரணாகதி அன்று, அச்சம். மார்புக்கு அடியில் ஒரு கையும் பின்னங்கால்களுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும். உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணை மெல்ல மூடித் திறந்தால் அதுவும் மெல்ல மூடித் திறந்து அருகே வர விரும்புகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் கண்டார்கள். இதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் ஒரு நாள் அவர் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, பரணில் இருந்த சாம்பியைப் பார்த்து இரண்டு மூன்று முறை கண்ணை மூடித் திறப்பதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். நான் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அவர் வண்டியைக் கொல்லைக்குள் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும் வழக்கமும் அதன் பிறகுதான் வந்தது. சாம்பி அவரிடம் வருவதற்கு மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. இன்றும் அவர் மடியில் ஏறாது. நாற்காலிக்கு அடியில் படுக்கும்.

ஆடியில் விதைத்துவிட்டோம். ஐப்பசியில் சாம்பி மூன்று குட்டிகள் போட்டது: ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள் வரி. பாரதியார் இப்படிப் பல நிறக் குட்டிகளைக் காட்டித்தான் மனிதரில் நிறவேற்றுமை பொய் என்று பாடினார். (ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தையர் வெவ்வேறாகவும் இருக்கலாம் என்பது விலங்கியல் தரும் சிறு குறிப்பு.) பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டிகள்தாம் பிற்காலத்தில் மனிதரிடம் அஞ்சாமல் பழகும் என்று 1980களில் அமெரிக்காவில் ஐலீன் கார்ஷ் என்ற ஆய்வாளர் காட்டினார். ஆகவே நாளும் அரைமணி நேரம் குட்டிகளை மடியில் வைத்துக்கொள்வது என் வேலை ஆயிற்று. தம்பி, தங்கை, வீட்டுக்கு வந்தவர், போனவர் எல்லோர் மடியிலும் ஏற்றினேன். பால் மறந்ததும் சாம்பிக்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுக் கொண்டு வந்தோம். பூனையாலும் வெறிநோய் வரும் என்பது பலருக்குத் தெரியவில்லை. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விட வேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

சாம்பல் குட்டியை அப்பாயி தமக்கென்று நிறுத்திக் கொண்டார்கள். மஞ்சள் வரியைப் பக்கத்து வீட்டு அத்தை கேட்டிருக்கிறார். கறுப்புக் குட்டி மட்டும் மிச்சம். கறுப்புப் பூனை குறுக்கே போனால் ஆகாது என்று யாரும் கேட்கவில்லை போலும். மணல் தொட்டி தெரியும். பெயர் சொன்னால் வரும். தூணில் மட்டும் பிறாண்டும். பால் சட்டி மட்டும் மூடியிருக்க வேண்டும். வேண்டும் நண்பர்கள் விலங்கியல் துறையில் என்னைக் கேட்கலாம். எடுத்துப் போகக் கூடை கொண்டு வரவும். வீட்டில் சாக்கு எதுவும் கொடுப்பதற்கில்லை. இருந்த ஒன்றையும் தூணில் கயிறு தேய்ந்த இடத்தில் சுற்றிவிட்டேன்.